படைத் துப்பாக்கியும் வேட்டைத் துப்பாக்கியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் சென்ற இதழில் வெளியான துப்பாக்கிகள் பற்றிய கட்டுரை, ராணுவ ரைஃபிள் வலிமை மிக்கது என்றும் வேட்டை ரைஃபிள் அதற்கு ஒரு படி கீழானது என்றும் பொருள்படும்படி எழுதப்பட்டிருந்தது. பரவலாக உள்ள எண்ணம்தான். ஆனால் உண்மை பல நேரங்களில் நேர்மாறாக இருக்கிறது. நம் படையின் இன்சாஸ் ரைஃபிள் சுடும் 5.56 மி.மீ. குண்டின் எடை ஏறத்தாழ 4 கிராம்; யானை போன்ற பெருவிலங்குகளுக்கென லண்டன் ரிக்பி நிறுவனம் 1911-இல் கொண்டுவந்த .416 தோட்டாவின் குண்டோ 26 கிராமைத் தாண்டும். படைவீரன் தோட்டாக்களை மூட்டையாகச் சுமந்து நடக்க வேண்டியவன், வேட்டைக்காரனுக்குக் கைப்பிடி அளவு போதும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

வேறுபாடு அமைப்பில்தான் இருக்கிறது. நம் காவல் துறையினர் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 லீ-என்ஃபீல்டையே பாருங்கள். அடுத்தடுத்துச் சுடும்போது கொதிக்கும் குழல் கையைச் சுட்டுவிடாதபடி அதன் மரக்கட்டை முனைவரை போர்த்தியிருக்கும். முனையில் பயனெட் எனும் குத்துக்கத்தியை மாட்ட இடம் உண்டு. பத்துத் தோட்டாக்களை ஐந்தைந்தாகக் கிளிப்பிலிருந்து அழுத்தி நிரப்பலாம். சேறு படிந்த தோட்டாவும் சிக்காமல் நுழைய வேண்டும் என்று, சுடும்போது தோட்டா அமரும் அறையைச் சற்றுத் தளர்வாகவே குடைந்திருப்பார்கள். இத்தனைக்கும் விலை உண்டு. ஈரத்தில் ஊதும் அந்த நீண்ட கட்டை குழலை அழுத்தினால் குறி நகர்ந்துவிடும். குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டையே நம்பியிருக்கும் வேட்டைக்காரனால் இதைப் பொறுக்க முடியாது; ஆகவே அவன் துப்பாக்கியில் கட்டை பாதியோடு நின்றுவிடும், விசை இலகுவாக இருக்கும், மேலே தொலைநோக்கி அமரும்.

ஜெர்மானியரின் 1898 மவுசர் ராணுவ ரைஃபிளை வேட்டைக்கு மாற்றிய கைவினைஞர்களுக்கு இந்தத் தொலைநோக்கிதான் பெரும் தலைவலி. தோட்டாவை உள்ளே தள்ளி அறையை அடைக்கும் உருளையான போல்ட்டின் பிடியை மேலே தூக்கினால் அது தொலைநோக்கியில் இடிக்கும். மேற்புறமாகப் புரளும் பாதுகாப்பு நெம்புகோலும் அப்படியே. பிடியை வளைத்து, நெம்புகோலையும் மாற்றிய பிறகே வேலை முடிந்தது. தோட்டாவை விடாமல் பற்றும், போல்ட்டிலுள்ள அகன்ற நகம் போன்ற கொக்கியை மட்டும் யாரும் தொடவில்லை; பாய்ந்து வரும் விலங்கின் முன் தோட்டா சிக்கினால் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட ரிக்பி ரைஃபிளும் மவுசர் அமைப்பு கொண்டதே.

குண்டிலும் வேறுபாடு உண்டு. உடலுள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்றது 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம். மான் நெடுநேரம் துடிக்கலாகாது என்பதற்காக அத்தகைய குண்டையே கட்டாயமாக்குகிறது இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான்கள் சட்டம்.

நம் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே செய்த .315 ரைஃபிளையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். படையின் .303 தோட்டா வெளியாருக்குக் கிடைக்கலாகாது என்று தேர்ந்தெடுத்த அந்தத் தோட்டா, வேடிக்கை என்னவென்றால், பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் தோட்டா! அடுத்த இதழில் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்