ஃபிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம், ஹேங்கருக்கு மட்டும் இல்லையா?

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தயாரிப்பு நிறுத்தப்பட்ட மலை சைக்கிள் மாடலுக்கு டிரெய்லியர் ஹேங்கர் தர மறுப்பது பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனம் தயாரித்த ஹார்டுடெயில், அதாவது பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லாத, மலை சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்க டிரெய்லியரை, அதாவது செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் கருவியை, ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. மாற்றுவதற்கு ஒன்று வேண்டும் என்று உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். அந்த மாடலை நிறுத்திவிட்டதாகவும், அதற்குரிய ஹேங்கரை இப்போது தயாரிப்பதில்லை என்றும் பதில் வந்தது. புது மாடல் வாங்கினால் தள்ளுபடி உண்டு என்று ஒரு வரியும் அதில் இருந்தது. எனக்குப் புது சைக்கிள் வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அந்த அலுமினியத் துண்டுதான் வேண்டும். அது இல்லாமல் மற்றபடி எந்தக் குறையும் இல்லாத ஒரு சைக்கிள் சும்மா நிற்கிறது. அதனால்தான் இந்தப் புகாரை விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மேட்டை நோக்கி ஏறும் ஒற்றையடிப் பாதையில் லேசான கியரில் மிதித்துக்கொண்டிருந்தேன். சருகுக்குள் கிடந்த ஒரு காய்ந்த குச்சி சக்கரத்தோடு எழும்பி, செயினுக்கும் டிரெய்லியருக்கும் நடுவே சிக்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். உடனே மிதிப்பதை நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் இருந்து பார்த்தபோது, டிரெய்லியரின் இரண்டு சிறு பல்சக்கரங்களும் பின்சக்கரத்தின் கேசட்டுக்கு (பல்சக்கர அடுக்குக்கு) நேர்கோட்டில் இல்லாமல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இன்னும் ஒரு சுற்று மிதித்திருந்தால் அவற்றைத் தாங்கும் கூண்டு ஸ்போக்குக்குள் போயிருக்கும். அப்படிப் போனால் டிரெய்லியர் பிய்ந்துவிடும், ஸ்போக்குகள் அறுந்துவிடும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

காட்டுப் பாதையில் ஓட்டுகிற எல்லோருக்கும் என்றாவது நடக்கிற விஷயம் இது. இதில் உங்கள் சைக்கிள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹேங்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் எதற்கோ, சைக்கிளில் ஹேங்கரும் அதற்குத்தான். அடி விழுந்தால் ஃபிரேம் வளையக்கூடாது, அதற்கு முன் இந்தத் துண்டு வளைய வேண்டும் என்றுதான் அதைத் தனியாக, மெல்லிய அலுமினியத்தில் செய்து, இரண்டு சிறு திருகுகளில் மாட்டுகிறீர்கள். வளைவதற்கென்றே செய்த பாகம் என்றால், மாற்றுவதற்கு இன்னொன்று கிடைத்தாக வேண்டும். அதற்கு வழி இல்லை என்றால் அதைக் கழற்றி மாட்டும்படி செய்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

நீங்கள் கொடுத்த கையேட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். ஃபிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி, ஹேங்கர் தேய்மானப் பாகம், உத்தரவாதத்தில் சேராது என்று இருக்கிறது. சரி, இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கத்தானே கேட்கிறேன். ஹேங்கர் இல்லாத ஃபிரேமில் டிரெய்லியரை மாட்ட இடமில்லை. டிரெய்லியர் இல்லாத ஃபிரேம் மலைப்பாதைக்கு உதவாது. ஆக, விரிசல் இல்லாமல், பெயிண்ட் கூட உரியாமல் இருக்கும் ஒரு ஃபிரேமை நீங்களே பயனற்றதாக்கிவிட்டு, அதற்கு ஆயுள் உத்தரவாதம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இதை நான் ஏற்க முடியாது.

மாற்று வழிகளைத் தேடாமல் இதை எழுதவில்லை. நிமிர்த்திப் பார்க்கலாம் என்று நல்ல அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அளவுகோல் கருவியை ஹேங்கரின் துளையில் திருகி, சக்கரத்தைச் சுற்றிலும் வைத்துப் பார்த்துப் பொறுமையாக நிமிர்த்தினார். கியர் ஓரளவு வேலை செய்தது. ஆனால் அலுமினியத்தை வளைத்து நிமிர்த்தினால் அது வலு இழந்துவிடும் என்று அப்போதே எச்சரித்தார். அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. அடுத்த முறை கழுவித் துடைக்கும்போது திருகுத் துளையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அதை நம்பி இனி ஏற்றத்தில் அழுத்தி மிதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்புறம், ஹேங்கர்களை மட்டுமே விற்கும் கடைகளில் படத்தை வைத்து ஒப்பிட்டு, ஏறத்தாழ இதே வடிவில் இருந்த ஒன்றை வாங்கினேன். திருகுகள் பொருந்தின. ஆனால் ஃபிரேமின் பள்ளத்தில் அது முழுசாக உட்காரவில்லை, ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி. இது போதும், ஓடும் என்று சிலர் சொல்லலாம். ஓடாது. 7 கியர் கேசட் இருந்த காலத்தில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லிமீட்டர் இருந்தது. கொஞ்சம் கோணல் இருந்தாலும் செயின் எப்படியோ ஏறி இறங்கும். இன்றைய 12 கியர் கேசட்டில் அந்த இடைவெளி 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹேங்கரில் இம்மியளவு கோணல் இருந்தால், அது கீழே டிரெய்லியர் கூண்டின் நுனிக்கு வரும்போது பெருகிவிடுகிறது. நடுக் கியர்களைச் சரிசெய்தால் பெரிய பல்சக்கரத்தில் செயின் தாவுகிறது, அதைச் சரிசெய்தால் சின்னதில் உறுமுகிறது. இவ்வளவு நுணுக்கமான கியரை மாட்டி விற்றவர்கள் நீங்கள். அந்த நுணுக்கம் முழுவதும் எந்தத் துண்டில் தொங்குகிறதோ அதைத் தரும் பொறுப்பும் உங்களுடையதுதான்.

செயினைக் குறுக்கி ஒற்றைக் கியராக ஓட்டலாமே என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், பணிவாகவும் பேசினார். ஆனால் அது காட்டிலிருந்து வீடு வந்து சேர்வதற்கான வழி. அன்று நானும் அப்படித்தான் வந்தேன். செயின் கட்டரால் பின்னைத் தள்ளி, டிரெய்லியரை விலக்கி, நடுப் பல்சக்கரம் ஒன்றில் செயினை நேராக மாட்டினேன். கேசட்டின் பற்கள் செயினை ஏற்றிவிடும்படியே வெட்டப்பட்டவை. அதனால் ஒவ்வொரு குலுக்கலிலும் அது பக்கத்துப் பெரிய சக்கரத்தில் ஏறப் பார்த்து இறுகியது. பெரும்பாலும் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். இதை ஒரு தீர்வாக உங்கள் நிறுவனம் சொல்லக்கூடாது.

என் வீட்டில் இது ஒன்றுதான் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் சேர்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் ஒன்று மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆன பழைய ரேஸ் சைக்கிள், வயதில் உங்கள் சைக்கிளை விடப் பல மடங்கு மூத்தது. அதன் ஹேங்கர், பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட்டோடு சேர்ந்த எஃகு. வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம், எஃகு அதைத் தாங்கும். அதன் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பாகம்) தேய்ந்தபோது எந்தச் சிரமமும் இல்லாமல் புதிது கிடைத்தது. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 இழை, வலப்பக்கக் கிண்ணத்துக்கு மட்டும் எதிர்த்திசைத் திருகு. உலகம் முழுவதும் பல தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இந்த அளவு மனப்பாடம். அந்த ஃபிரேமைச் செய்த பட்டறை இன்று இருக்கிறதா இல்லையா என்பது கூட எனக்குத் தேவைப்படவில்லை. பொது அளவில் செய்தார்கள், அதனால் அது இன்னும் ஓடுகிறது. இன்னொன்று 26 அங்குலச் சக்கரம் வைத்த பழைய மலை சைக்கிள். அந்த அளவு நாகரிகம் போய்விட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு டயர் இன்னும் கிடைக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே புதியதான உங்கள் சைக்கிள்தான் முதலில் படுத்துவிட்டது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

வேறு சைக்கிள்கள் இருக்கும்போது இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பாதை ஒன்று இருக்கிறது. முதலில் நீண்ட ஏற்றம், பிறகு மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு முகடு, கடைசியில் உருளும் கற்களோடு ஓடையை நோக்கி விழும் சரிவு. அந்தச் சரிவில் இருக்கையைத் தாங்கும் கம்பத்தை ஒரு விரல் அழுத்தலில் இறக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்க வேண்டும். ரேஸ் சைக்கிளின் ஒல்லியான டயரில் அங்கே போகவே முடியாது. பழைய 26 அங்குலச் சைக்கிளில் போகலாம், ஆனால் அதன் முன்பக்கம் செங்குத்து, ஒவ்வொரு வேரிலும் தலைகுப்புறத் தள்ளப் பார்க்கும். உங்கள் சைக்கிளில் மட்டும்தான், டியூப்லெஸ் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வேரின் மேல் டயர் அமுங்கி ஏறுவதை உள்ளங்கையில் உணர்ந்துகொண்டே போக முடிந்தது. ஃபிரேமின் வடிவத்தை உங்கள் பொறியாளர்கள் அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள். இதை அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். பிடிக்காத சைக்கிளாக இருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

மலை சைக்கிள் என்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், பழைய கனத்த ஒற்றைக் கியர் சைக்கிள்களை எடுத்து, மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரையும் பயணச் சைக்கிளின் டிரெய்லியரையும் கொண்டுவந்து பொருத்தி ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்த சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு முறை இறங்கினாலே பின் பிரேக் ஹப்பில் இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பெயர். அடுத்த வருடம் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். கிடைத்ததைப் பொருத்தி ஓட்ட முடிந்ததால்தான் இந்த விளையாட்டே உருவானது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு மலை சைக்கிளும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் மாடலுக்கு மட்டும் பொருந்தும், வேறு எவரிடமும் கிடைக்காத ஒரு ஹேங்கரைச் செய்து, சில வருடங்களில் அதையும் நிறுத்துவது அந்த வழிக்கு நேர் எதிரானது.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. 2019-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 'யுனிவர்சல் டிரெய்லியர் ஹேங்கர்' என்று ஒரே வடிவத்தைக் கொண்டுவந்தது. எந்த ஃபிரேம் தயாரிப்பாளரும் பயன்படுத்தலாம் என்று வடிவமைப்பையும் திறந்தே வைத்தது. பலமாக அடிபட்டால் அது பின்னோக்கிச் சுழன்று அடியைத் தணிக்கும். உங்கள் போட்டியாளர்கள் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். தொலைதூரப் பயணத்தில் ஒருவருடைய ஹேங்கர் உடைந்தால், உடன் வரும் இன்னொருவர் பையில் இருப்பது பொருந்திவிடும், இருவரும் வேறு வேறு கம்பெனிச் சைக்கிள் வைத்திருந்தாலும் சரி. உங்கள் புது மாடலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் உங்களுடைய தனி வடிவம்தான் இருக்கிறது. தள்ளுபடி கொடுத்தாலும் நான் அதை வாங்க மறுப்பதற்கு இதுவே காரணம். இன்னும் சில வருடத்தில் அதற்கும் இதே பதில்தான் வரும்.

நான் கேட்பவை இவை. முதலில், என் மாடலுக்குரிய ஹேங்கர் உங்கள் கிடங்கிலோ விற்பனையாளர்களிடமோ எங்காவது இருக்கிறதா என்று ஒருவர் பொறுப்பெடுத்துத் தேட வேண்டும். தயாரிப்பு நின்றுவிட்டது என்பதும் கையிருப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. உங்கள் பதிலில் முதலாவதுதான் இருந்தது, இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தால் ஒன்றுக்குப் பதிலாகச் சிலவற்றை அனுப்புங்கள், விலையும் அனுப்பும் செலவும் தருகிறேன். எங்குமே இல்லை என்றால், அதன் அளவு வரைபடத்தைக் கொடுங்கள். கணினி இயக்கி உலோகம் வெட்டும் சி.என்.சி. பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொள்கிறேன். விற்பனையை நிறுத்திவிட்ட பாகத்தின் வரைபடத்தை வைத்து உங்களுக்கு இனி ஒரு லாபமும் இல்லை, அதைப் பொதுவில் வைத்தால் என்னைப் போல் இந்த மாடலை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் வழி பிறக்கும். இந்த இரண்டும் முடியாது என்று எழுத்துமூலம் சொன்னால், ஆயுள் உத்தரவாதத்தின் கீழ் ஃபிரேமை மாற்றித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. மாற்றித் தரும் ஃபிரேமுக்கு ஹேங்கர் எத்தனை வருடம் கிடைக்கும் என்பதையும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

கையேட்டில் 'கூடுதலாக ஒரு ஹேங்கரை எப்போதும் பையில் வைத்திருங்கள்' என்று அறிவுரை சொல்லியிருக்கிறீர்கள். நல்ல அறிவுரை. அந்தக் கூடுதல் ஹேங்கரைச் சைக்கிளோடு பெட்டியிலேயே வைத்துக் கொடுக்க உங்களுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இனி விற்கும் ஒவ்வொரு சைக்கிளோடும் அதைக் கொடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வளைந்த ஹேங்கரின் இருபக்கப் படங்கள், விரிசலின் படம், ஃபிரேமின் அடியில் பொறித்த வரிசை எண்ணின் படம், வாங்கிய ரசீதின் நகல், உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். கிடங்கில் தேடியவர் யார், எங்கெல்லாம் தேடினார், என்ன கிடைத்தது என்ற விவரத்தோடு பதிலை எதிர்பார்க்கிறேன். தானாக வரும் நன்றி மின்னஞ்சலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்