பொங்கலுக்கு வரப்போகிற கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. அதுவும் பல் பேச்சு என்றால் உன் அம்மா நடுவிலேயே போனை வாங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படி.

கீழ் வலது கடவாய்ப் பல்லை எடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. ரூட் கேனால் செய்த பல் வேர் வரைக்கும் விரிசல் விட்ட பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. உன் மெல்போர்ன் டாக்டர் எடுத்தது சரிதான். இப்போது பொங்கலுக்கு மூன்று வாரம் லீவில் வருகிறாய், அதற்குள் இங்கே இம்ப்ளான்ட் வைத்து, மேலே பல்லும் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறாய். ‘ஒரே நாளில் பல்’ என்று ஒரு விளம்பரமும் அனுப்பியிருந்தாய். சென்னையில் வைத்துக்கொள், எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மூன்று வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதே. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இம்ப்ளான்ட் என்றால் முழுப் பல் ஒன்றை அப்படியே கொண்டுவந்து ஊன்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது மூன்று துண்டு. தாடை எலும்புக்குள் இறங்குவது டைட்டானியத்தில் செய்த சின்ன திருகு. விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். அதன் தலையில் ஈறுக்கு வெளியே வருகிற மாதிரி ஒரு இணைப்புத் துண்டு. அதற்கு மேல் கேப், அதாவது கண்ணுக்குத் தெரிகிற பல். திருகு வைப்பது ஒரு நாள் வேலை, கேப் போடுவதும் பெரிய வேலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் எலும்பு அந்தத் திருகோடு சேர வேண்டும். கீழ்த் தாடை கெட்டியானது, அங்கே சுமார் மூன்று மாதம் ஆகும். மேல் தாடை எலும்பு சற்று மெத்தென்று இருப்பதால் நான்கு முதல் ஆறு மாதம் வரை போகும். நல்ல டாக்டர், விலையுயர்ந்த திருகு என்று எதைக் கொண்டுவந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்கிற அந்த நேரத்தை ஒரேயடியாக இல்லாமல் செய்ய முடியாது.

இது தெரியவந்த கதையே அழகானது. 1952 வாக்கில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற டாக்டர் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சின்ன குழாய் ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பல் டாக்டரே இல்லை, ஆனாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த் தாடையில் நான்கு திருகு வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறையோடு இருந்தவர், கீழே ஒரு பல்கூட இல்லாமல் சாப்பிடவும் பேசவும் சிரமப்பட்டவர். அந்தத் திருகுகள் 2006-இல் அவர் இறக்கும் வரை அவருக்கு உழைத்தன. நாற்பது வருஷத்துக்கு மேல்! ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். நாங்கள் போட்ட எந்த போல்ட்டும் தானாக இறுகியதில்லை.

எனக்கு வைத்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஊசி போட்டு மரத்துப்போன பிறகு வலி இல்லை, அதிர்வு மட்டும் தெரிந்தது. துளை போடும்போது எலும்பு சூடாகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். சூடேறினால் அந்த இடத்து எலும்பு செத்துப்போகுமாம். கடைசியில் டாக்டரம்மா உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு டார்க் ரென்ச்சை, அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற திருகியை எடுத்தார்கள். அதே கருவியைப் பெரிய அளவில் நான் வருஷக்கணக்கில் கையில் பிடித்திருக்கிறேன். 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்தினார்கள். “நல்ல பிடிப்பு கிடைச்சிருக்கு சார், ஆனாலும் மூணு மாசம் அதைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்றார்கள். முதல் நாள் கிடைப்பது வெறும் மரைப்பிடிப்பு. எலும்பு வளர்ந்து பிடிப்பது அப்புறம்தான். சில வாரம் கழித்துப் பழைய பிடிப்பு சற்றுத் தளரும், புதியது அதற்குள் முழுசாக வந்திருக்காது. அந்த நேரத்தில் கடவாயில் வைத்து முறுக்கைக் கடித்தால் திருகு லேசாக ஆடும். ஆடினால் எலும்புக்குப் பதிலாக நார்போன்ற சதை சுற்றிக்கொள்ளும். அப்புறம் கழற்றித்தான் ஆக வேண்டும்.

‘ஒரே நாளில் பல்’ என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. முன் பல் போனவர்களுக்கு, திருகு நல்ல பிடிப்போடு இறங்கியிருந்தால், அன்றே ஒரு தற்காலிகப் பல் வைக்கிறார்கள். எதிர்ப் பல்லோடு அது மோதாதபடி உயரத்தைக் குறைத்துத்தான் வைப்பார்கள். மொத்தப் பல்லும் போனவர்களுக்கு நான்கைந்து திருகையும் ஒன்றாகக் கட்டி, அதன் மேல் ஒரு வரிசைப் பல்லைப் பொருத்துவதும் உண்டு. அதிலும் நிரந்தரப் பல் சில மாதம் கழித்துத்தான். உனக்குப் போனது மெல்லுகிற பாரம் முழுவதும் விழுகிற பல். வெளியே தெரியாத இடம் வேறு. அங்கே எதற்கு அவசரம்?

அதற்காக வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. பல் போன இடத்து எலும்பு சும்மா இருக்காது, கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷத்துக்குள் அகலத்தில் பாதி வரைகூடக் குறையலாம், அதிலும் பெரும்பகுதி முதல் சில மாதத்திலேயே போய்விடும். பக்கத்துப் பல் காலி இடத்துக்குச் சாயும். மேலே இருக்கிற பல், கீழே தடுக்க ஆளில்லாததால் இறங்கி வரும். ரொம்பத் தள்ளிப்போட்டால் எலும்புத்தூள் வைத்து மேடுபண்ண வேண்டி வரும், செலவும் மாதமும் கூடும். உன் பல்லை அக்டோபரில் எடுத்தார்கள், ஜனவரி நடுவில் மூன்று மாதம் ஆகிவிடும். குழி ஆறி, எலும்பு ஓரளவு நிரம்பியிருக்கும். திருகு வைக்க நல்ல சமயம்.

ஆகவே இப்படிச் செய்யலாம். வந்த வாரமே சி.பி.சி.டி. ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிற ஸ்கேன் எடுத்துக்கொள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம்தான் தெரியும், அகலம் தெரியாது. கீழ்க் கடவாய்க்கு அடியில் எலும்புக்குள்ளேயே ஒரு நரம்பு ஓடுகிறது. எனக்குக் கம்ப்யூட்டரில் அதைச் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். திருகின் முனைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுவார்கள். அந்த நரம்பில் பட்டால் கீழுதடும் முகவாயும் மரத்தே போய்விடலாம். ஸ்கேன் பார்க்காமல் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. அப்புறம் திருகு வைத்து, வாரம் பத்து நாளில் தையல் பிரித்துவிட்டால் உன் லீவும் சரியாக முடியும். கேப்பைத் தம்பி கல்யாணத்துக்கு வைகாசியில் வரும்போது போட்டுக்கொள். நான்கு மாதம் தாண்டியிருக்கும், எலும்பும் நன்றாகச் சேர்ந்திருக்கும். அதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அது ஒரு குறையே இல்லை, சிரித்தால்கூடத் தெரியாது.

திருகின் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் ஸ்க்ரூ டிரைவர் முதல் இணைப்புத் துண்டு வரை தனி. பத்து வருஷம் கழித்து மெல்போர்னில் கேப் தளர்ந்தால், உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் அங்கே உள்ள டாக்டர் திண்டாடக் கூடாது. அதனால்தான் ஸ்ட்ராமன், நோபல், ஆஸ்டெம் மாதிரி பல நாட்டில் கிடைக்கிற பிராண்டாகப் பார்த்து வைக்கச் சொல்கிறேன். நான் விசாரித்த வரை இங்கே ஒரு பல்லுக்கு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாயிலிருந்து 50,000 வரை சொல்கிறார்கள், பிராண்டைப் பொறுத்து மேலேயும் போகிறது. ரொம்பக் குறைத்துச் சொன்னால் கேப் அதில் சேர்த்தியா என்று கேள். திருகுக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு மற்றதைப் பின்னால் சேர்க்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இன்னொரு கருத்தும் வேண்டும் என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நானே கூட்டிப் போகிறேன்.

இம்ப்ளான்ட் எல்லோருக்கும் ஒத்துவரும் என்பதும் இல்லை. அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போகிறதே, அந்த வகை மருந்து வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. டாக்டரம்மா எலும்பு டாக்டரோடும் பேசிவிட்டு, வேண்டாமே என்றார்கள். அம்மா கழற்றி மாட்டுகிற பல்செட் போட்டுக்கொண்டாள். ராத்திரி அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைக்கிறாள். இட்லிக்கும் சாதத்துக்கும் ஒரு குறையும் இல்லை, வேர்க்கடலைதான் கஷ்டம். பிரிட்ஜ், அதாவது இரண்டு பக்கத்துப் பல்லும் தாங்கி நிற்கிற செயற்கைப் பல், கட்டலாமே என்று நீ கேட்டாய். அதற்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவ வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் நானும் பிரிட்ஜ்தான் சொல்லியிருப்பேன், சீக்கிரம் முடியும். உனக்கு இரண்டும் சொத்தை இல்லாத பல். நல்ல பல்லைச் சீவ எனக்கு மனசு வரவில்லை.

சர்க்கரை விஷயம். போன தடவை உனக்கு எல்லைக்கோட்டில் இருந்தது என்றாய். கிளம்புவதற்கு முன் ஹெச்.பி.ஏ.1.சி. என்கிற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சோதனையைப் பார்த்துக்கொண்டு வா. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பயமில்லை, கூடியிருந்தால் புண் ஆறுவதும் எலும்பு சேர்வதும் தடுமாறும். மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல்லிவை. அவருக்கும் பின்னால் இப்படி ஏதாவது தேவைப்பட்டால், சிகரெட்டை முதலில் விட வேண்டும். ஈறுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்து இம்ப்ளான்ட்டைக் கெடுப்பதில் அதுதான் முதல் ஆள். நான் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார், நீ சொன்னால் கேட்பார்.

நீ சின்ன வயதிலிருந்தே தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாய். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல். நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் ஒன்று இருக்கிறது. ரயில் பெட்டிக்கு அடியில் ஸ்பிரிங் தாங்குகிற மாதிரி அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், சாதத்தில் ஒரு கல் இருந்தால் உடனே தெரிவிக்கும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது, நேராக எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகப் புரியாது. ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்கிற உறை ஒன்று செய்து கொடுக்கச் சொல். அது இல்லாவிட்டால் உன் கேப் உடையலாம், இல்லை உள்ளே ஸ்க்ரூ தளரலாம்.

இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது. ஆனால் சுற்றி இருக்கிற ஈறில் அழுக்குச் சேர்ந்தால் புண்ணாகி, கொஞ்சம் கொஞ்சமாக எலும்பைத் தின்னும். பெரும்பாலும் வலியே இருக்காது, தெரியவரும்போது நிலைமை முற்றியிருக்கும். தினமும் அந்த இடுக்கில் சின்ன பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது எக்ஸ்ரே எடுத்து எலும்பு மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவர்களில் பத்து வருஷம் கடந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நன்றாகவே இருக்கிறது. விமான நிலையத்தில் பீப் அடிக்குமா என்று கேட்டாயே, திருகின் அளவு ரொம்பச் சின்னது. எனக்கு இதுவரை எங்கேயும் அடித்ததில்லை.

உன் மெல்போர்ன் டாக்டரிடம் பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி எனக்கு அனுப்பு. நான் டாக்டரம்மாவிடம் காட்டி ஜனவரியில் தேதி வாங்கி வைக்கிறேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலோ பின்னாலோ வேண்டாம், பண்டிகை தாண்டி வாங்குகிறேன். அப்படி வைத்தால் கரும்பை இடது பக்கம் கடித்து முடித்துவிட்டே ஊசிக்கு உட்காரலாம். டிக்கெட் எடுக்கும்போது இதையும் மனசில் வைத்துக்கொள். தையல் பிரிக்கிற நாளுக்கு முன்னால் திரும்பிப் போகிற மாதிரி எடுத்துவிடாதே. அம்மா மாங்காய் வடு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள், தீர்ந்துபோயிருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா
பெரம்பூர், சென்னை