கூடலூர், பந்தலூர் பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு, அடுத்து என்ன படிக்கலாம் என்ற பேச்சு நம் பள்ளிகளில் கூடியிருக்கிறது. உயிரியல் பிரிவுப் பிள்ளைகளிடம் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் வேலையையும் சொல்லுங்கள். நான் அந்த வேலையில் இருக்கிறேன்.

2008 முதல் 108 வண்டி தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆனாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன படித்தவர், என்ன செய்கிறார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு நடுவட்டம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். மேல்சிகிச்சைக்குக் கோவை என்றால் மறுபடியும் மலை இறங்க வேண்டும். அத்தனை நேரமும் நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சை வண்டிக்குள் நடப்பதுதான்.

வேலை வண்டிக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். எஸ்டேட் லைன் வீடு வரை பல இடங்களில் வண்டி போகாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, வழுக்கும் படிகளில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வர வேண்டும். விழுந்து அடிபட்டவர் என்றால் கழுத்தும் முதுகும் அசையக் கூடாது. வளைவுகளில் நோயாளி வாந்தி எடுப்பார். மயக்கத்தில் இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் பார்க்க வேண்டும். இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். ஓடும் வண்டியில் அது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். பிரசவம் வழியிலேயே ஆகிவிட்டால், நம் குளிரில் முதல் கவலை குழந்தையின் உடல்சூடு. உடனே ஈரம் துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் போர்த்திவிடுவோம். சந்தேகம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்கலாம். சிக்னல் இல்லாத வளைவில் முடிவு நம்முடையதுதான்.

இதற்கு இந்த மண்ணின் பிள்ளைகள் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தப் பாதை எந்தப் பாடிக்கு, அதாவது எந்தக் குடியிருப்புக்குப் போகிறது, யானை இறங்கும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். பணியர் பழங்குடி வீட்டுப் பாட்டியிடம் அவர் பேச்சிலேயே எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் தெரியும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸாக இருக்கிறார்கள். வண்டியிலும் அது நடக்கட்டும்.

சரி, எப்படிச் சேர்வது? எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி ஒரு வழி. நர்ஸிங், பார்மசி, விலங்கியல், தாவரவியல் படித்தவர்களையும் 108-க்கு எடுக்கிறார்கள். சுமார் 50 நாள் பயிற்சி உண்டு. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தத் தொழிலையும் மருத்துவம் சார்ந்த தொழில்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 12 மணி நேர ஷிப்ட், மாறி மாறி இரவு வேலை. 108 பணி நேரடி அரசு வேலையும் இல்லை. நர்ஸுக்கு இணையான சம்பளமும் பதவி உயர்வும் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. நன்றாகப் படித்த பிள்ளைகள் நிறைய பேர் இதற்குள் வந்தால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

நான் கேட்பது ஒரு பீரியட். எனக்கு விடுமுறையாக இருக்கும் ஒரு நாளில் பள்ளிக்கு வந்து, நெஞ்சை அழுத்துவது, ரத்தப்போக்கை நிறுத்துவது இரண்டையும் செய்து காட்டுகிறேன். பெண் பிள்ளைகளையும் அவசியம் உட்கார வையுங்கள். இரவு வேலை என்று வீட்டில் தயங்குவார்கள். இந்த வேலையில் இருக்கும் பெண்கள் யாரையாவது உடன் அழைத்து வருகிறேன். அந்தப் பெற்றோர் அவர்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கூடலூர் பகுதி மருத்துவ உதவியாளர் ஒருவர்