உட்கருவின் வாசலைக் கடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்.என்.ஏ. குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை என் மேல்நிலை வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து படித்தேன். விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் 2024-இல் நோபல் பரிசு பெற்ற வரலாற்றைத் தெளிவாகச் சொன்ன அக்கட்டுரை, இம்மூலக்கூறுகள் செல்லின் உட்கருவிலிருந்து அதைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்துக்கு வருவதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தப் பயணத்துக்கு இன்னும் சற்று இடம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலங்குச் செல்களின் உட்கருவில் நீளமாகப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வை ட்ரோஷா என்னும் நொதி வெட்டி, ஏறத்தாழ 70 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ.வின் கட்டுமான அலகுகள்) கொண்ட கொண்டை ஊசி வடிவத் துண்டாக்குகிறது. வெட்டுப்பட்ட முனையில் ஓர் இழை மட்டும் இரண்டு நியூக்ளியோடைடு அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் அந்தச் சிறு நீட்சியையும் இரட்டை இழைத் தண்டையும் இனங்கண்டே துண்டைப் பற்றுகிறது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டிகளைப் பார்த்து அனுப்புவதைப் போன்றது இது என்றதும் மாணவர்களுக்கு உடனே விளங்கியது.

இந்தப் பிடி நிலைக்க, மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறைச் சுமந்த ரான் புரதமும் உடன் சேர வேண்டும். அவ்வகை ரான் உட்கருவுக்குள் மிகுதி, வெளியே அரிது. ஆகவே உட்கருத் துளையைக் கடந்ததும் ஒரு பாஸ்பேட் அறுபட, பிடி தளர்ந்து துண்டு விடுபடுகிறது. பயணம் ஒரே திசையில் நடப்பதற்குக் காரணம் இதுவே. பிறகு டைசர் நொதி அதை ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளாகக் குறுக்க, ஆர்கோனாட் புரதம் ஏற்றுக்கொள்கிறது.

இந்த வாசல் பழுதானால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை அவசியம் சொல்லியிருக்க வேண்டும். சில புற்றுநோய்களில் எக்ஸ்போர்ட்டின்-5 மரபணு திடீர்மாற்றம் அடைவதால், வெளியேற வேண்டிய துண்டுகள் உட்கருவுக்குள்ளேயே தேங்கிவிடுவது 2010-இல் கண்டறியப்பட்டது. அடினோ வைரஸோ தன் ஆர்.என்.ஏ.வை இதே புரதத்தின்மீது ஏற்றி, செல்லின் சொந்தத் துண்டுகளுக்கு வழியில்லாமல் செய்துவிடுகிறது.

நம் மாவட்டத்து வயல்களில் விளையும் நெல் உள்ளிட்ட தாவரங்களில் இரண்டு வெட்டுகளுமே உட்கருவுக்குள் முடிந்துவிடுகின்றன என்பதால், விலங்குச் செல்லுக்குரிய விளக்கத்தை அவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. அடுத்த முறை இப்பொருளில் எழுதும்போது, உட்கருத் துளையையும் எக்ஸ்போர்ட்டின்-5, ரான் ஆகியவற்றையும் தமிழில் பெயரிட்டுக் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.