கயலுக்கு, நாய் கருப்பனையும் பூனை பூசணியையும் பற்றி

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கருப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல்தான் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை போன் செய்தார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பிளேட்லெட் 42,000 என்று இருக்கிறது. நாய்க்கு அது இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தது அதனால்தான். நோய் பெரியதுதான், ஆனால் முறையாகக் கொடுத்தால் நன்றாகக் கேட்கிற நோய். போனில் நீ கேட்டவற்றையெல்லாம் வாயால் சொல்லி முடியாது. எழுத்தில் இருந்தால் நீ ஆபீசில் இருக்கும்போது மாப்பிள்ளைக்கும் கை கொடுக்கும்.

முதலில் மாத்திரை. டாக்ஸிசைக்ளின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. கருப்பன் இருபது கிலோ, அதனால் காலையில் 100, இரவில் 100 என்று எழுதியிருக்கிறார்கள். 28 நாள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு, தட்டைக் காலி செய்து, வாலை ஆட்ட ஆரம்பித்துவிடுவான். பாதிப் பேர் மாத்திரையை நிறுத்துவது அங்கேதான். எர்லிக்கியா என்ற இந்தக் கிருமி வெள்ளை அணுக்களுக்குள் குடியிருப்பது. அரைகுறையாக அடித்தால் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் பதுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட, வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் மஜ்ஜையே ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும். அந்தக் கட்டத்துக்குப் போன நாயை மீட்பது மிகக் கஷ்டம். அதனால் 28 என்றால் 28.

அந்த மாத்திரையைத் தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுக்காதே. பாலிலும் தயிரிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் முழுதாகச் சேராது. சத்து டானிக்கில் இரும்புச் சத்து இருந்தாலும் அதே கதை. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடு. வெறும் வயிற்றிலும் கூடாது, வாந்தி எடுப்பான். வேகவைத்த கோழியும் சோறும் பிசைந்து, முதலில் மாத்திரை இல்லாத ஓர் உருண்டை, அடுத்து மாத்திரை வைத்தது, உடனே இன்னொரு வெறும் உருண்டை. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். முடிந்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 10 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. இந்தக் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும்.

பிளேட்லெட் ஏறும்வரை எலும்பு, கடினமான பொம்மை, மாடிப்படி ஓட்டம், பக்கத்து வீட்டு நாயுடன் மல்லுக்கட்டு எதுவும் வேண்டாம். ஈறு கீறினாலே ரத்தம் நிற்காத நேரம் இது. சீட்டில் ஸ்டீராய்டு இருந்தால் அவர்கள் சொன்னபடி குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதோடு வலி மாத்திரை எதுவும் சேரக் கூடாது, குடலில் புண் வந்துவிடும்.

மூன்று நான்கு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, அல்லது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போ. அதே உண்ணி பபேசியாவையும் கொண்டுவரும். அது சிவப்பு அணுவை உடைக்கிற கிருமி. இரண்டும் ஒரே நாயில் சேர்ந்திருப்பது நம் ஊரில் சகஜம். டாக்ஸிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது. பபேசியாவிலும் வகை உண்டு, ஒன்றுக்கு ஊசி, இன்னொன்றுக்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த மாத்திரை. எந்த வகை என்று பி.சி.ஆர். பார்த்தால் தெரியும். காது நுனியில் எடுத்த ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பல நேரம் தெரிந்துவிடும். அந்தத் தகட்டுப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யச் சொல். இயந்திரம் காட்டும் பிளேட்லெட் எண்ணிக்கை, அணுக்கள் கட்டிக்கொண்டால் உள்ளதைவிடக் குறைவாகவே வரும். தகட்டில் கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

இன்னொன்று கண்ணு. சிகிச்சை முடிந்தபின் யாராவது எர்லிக்கியா கிட் பரிசோதனையை மறுபடி செய்து, "இன்னும் பாசிட்டிவ்" என்றால் கலங்காதே. அது பார்ப்பது உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை, கிருமியை அல்ல. நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும். பிளேட்லெட் ஏறுகிறதா, எடை கூடுகிறதா என்பதுதான் கணக்கு.

மருந்து நாயைத்தான் குணப்படுத்தும். நோய் இருப்பது உன் வீட்டுச் சுவரில். இந்தப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து ஊதியதும் கீழே விழுந்து, சுவரேறி, ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலோ கதவு நிலையின் பின்னாலோ கட்டிலடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு, இளசு, முழு உண்ணி என்று மூன்று பருவத்திலும் ஏறி இறங்கி, மறுபடி நாயையே தேடி வரும். கடித்த சில மணி நேரத்துக்குள்ளேயே கிருமி இறங்கிவிடும் என்பதால், தினம் மாலை பொறுக்கிப் போடுவது மட்டும் காப்பாற்றாது. உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலேனர் அல்லது அஃபாக்ஸோலேனர் மாத்திரையைக் கேள். முதலாவது ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும், இரண்டாவது மாதம் ஒன்று. கருப்பனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முன்னாலேயே சொல்லிவிடு. மாத்திரை போட்டால் ஒரு வாரத்தில் வீடு சுத்தமாகிவிடும் என்று எதிர்பார்க்காதே. இடுக்கில் இருப்பவை வந்து கடித்துச் சாகச் சாகத்தான் குறையும். படுக்கைத் துணியை வாரா வாரம் கொதிநீரில் போடு. வாக்குவம் கிளீனர் பையை அன்றன்றே கட்டி வெளியே எறி.

கையால் உண்ணி தேடும்போது விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி, வாலடி பார். காதின் வெளி ஓரத்தில், அடிப்பக்கமாக, தோல் இரட்டையாக மடிந்து சின்னப் பை போல இருக்கும் பார், அதைப் பிரித்துப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். விதை அளவுக் குஞ்சுகள் அங்கேதான் கும்பலாக உட்கார்ந்திருக்கும். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகத்தால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போடு.

இதில் பூசணிக்குத்தான் ஆபத்து. நாய்க்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருப்பது உண்டு. அது பூனைக்கு விஷம். பூனைமேல் விட வேண்டும் என்றுகூட இல்லை, மருந்து ஈரம் காயாத நாயை நக்கினாலோ ஒட்டிப் படுத்தாலோ போதும். நடுக்கம், வலிப்பு, மரணம். மருந்துக் கடைக்காரர் நாய்க்கா பூனைக்கா என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பார், அட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டு வாங்கு. நாயைக் குளிப்பாட்டுகிற அமிட்ராஸ் கரைசலும் பூனை இருக்கிற வீட்டுக்கு ஒத்துவராது.

பூசணி ஆண் பூனை, குண்டு, வீட்டை விட்டு இறங்காதவன், உலர் தீனி தின்பவன். ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள். மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான், ஒன்றும் வரவில்லை, அடிக்கடி அடியில் நக்குகிறான், கத்துகிறான் என்றால் எல்லோரும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார்கள். அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை நுனியில் மிகக் குறுகல். படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வயிற்றின் பின்பக்கம் மெதுவாகத் தொட்டால் மூத்திரப்பை சாத்துக்குடி அளவில் கெட்டியாகத் தட்டுப்படும். அழுத்தாதே, பை கிழிந்துவிடும். உள்ளே பொட்டாசியம் ஏற ஏற இதயத் துடிப்பு மந்தமாகும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவு பதினொன்றானாலும் அப்போதே கிளம்பு, காலையில் பார்க்கலாம் என்ற பேச்சு கிடையாது.

அங்கே முதலில் இதயத்தைச் சீராக்கும் ஊசி, குளுக்கோஸ், பிறகு மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்கள். குழாய் இரண்டு மூன்று நாள் இருக்கும். எடுத்த முதல் வாரத்தில் மறுபடி அடைப்பது சாதாரணம். வீட்டுக்கு வந்தபின் ஈர உணவு, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மூத்திர உருண்டை என்று எண்ணுவது, இதுதான் வேலை. பெண் பூனைக்கு இப்படி அடைப்பது அபூர்வம்.

வீட்டு மருந்துப் பெட்டியை உயரத்தில் வை. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று பூனையைக் கொன்றுவிடும், அதைச் செரித்துக் கழிக்கிற சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்துச் சிறுநீரகம் போனது கொஞ்சநஞ்சமல்ல. நொண்டுகிறான் என்று மாப்பிள்ளையின் முதுகுவலி மாத்திரையில் பாதி கொடுப்பதெல்லாம் நம் வீட்டில் நடக்கக் கூடாது.

அடிபட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வலியில் இருக்கும் நாய் உன்னையே கடிக்கும், துப்பட்டாவால் வாயைச் சுற்றிக் கட்டு. வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் கட்டாதே. போர்வையை விரித்து, இரண்டு பேராகத் தூக்கி அதன்மேல் நகர்த்து. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை ஐந்து நிமிடம் அழுத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதே. காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்ப வேண்டாம், அதைக் கழுவி எடுப்பதே மருத்துவருக்குத் தனி வேலை. முறிந்த காலை நேராக்கவோ குச்சி வைத்துக் கட்டவோ முயலாதே. வாயில் தண்ணீர்கூட ஊற்றாதே, மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். வண்டி இடித்த நாய் எழுந்து நடந்தாலும் அன்றே காட்ட வேண்டும். நெஞ்சுக்குள் காற்றுக் கசிவதும் மூத்திரப்பை கிழிந்ததும் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். கட்டுப் போட்டு அனுப்பினால், வெளியே தெரியும் விரல்களை இரண்டு வேளையும் தொட்டுப் பார். வீக்கம், குளிர்ச்சி, நாற்றம் என்றால் கட்டை அவிழ்க்க வேண்டிய நேரம். கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றிவிடாதே. தையலை நாய் பிரிக்க ஒரு நிமிடம் போதும்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் உன்னுடன் பேசுவது பத்து நிமிடம். அதற்குள் அவருக்குத் தேவையானது உன் கையில் இருக்க வேண்டும். எப்போது கடைசியாகச் சாப்பிட்டான், மூத்திரம், மலம் எப்படி, என்ன மாத்திரை கொடுத்தாய் என்று தேதியோடு ஒரு தாளில் எழுது. தெரு வைத்தியம் எதையும் மறைக்காதே. தடுப்பூசிப் புத்தகம், மாத்திரை அட்டை எடுத்துக்கொள். வலிப்பு, நொண்டல், இருமல் என்றால் வீடியோ எடுத்து வை, மருத்துவர் முன்னால் அது ஒளிந்துகொள்ளும். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது, மாணவர்களும் பேராசிரியர்களும் பார்ப்பதால் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். சலிக்காமல் சொல். கூட்டத்தில் கருப்பனைத் தரையில் முகரவிடாதே, பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டிகளும் அதே வரிசையில்தான் நிற்கும். பூசணியைக் கூடையில் வைத்து மேலே துண்டு போட்டு மூடு.

வீட்டில் தினம் பார்க்க வேண்டியது மூன்று. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் விட்டால் 100.5 முதல் 102.5 வரை காட்ட வேண்டும். 103.5-ஐத் தாண்டினாலும் 99-க்குக் கீழே போனாலும் போன் செய். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கருப்பனுக்கு ஈறே கருப்பு என்பதால், கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார். வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது.

ஏழாம் நாள் பிளேட்லெட் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தவறவிடாதே. மாத்திரை தீர மூன்று நாள் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடு. அம்மா பார்சலில் பருப்புப் பொடி வைத்திருக்கிறாள், பூண்டு தூக்கலாகப் போட்டது. உங்கள் இருவருக்கு மட்டும். பூண்டும் வெங்காயமும் நாய்க்கும் பூனைக்கும் சிவப்பு அணுவை உடைக்கும், அதுவும் ரத்தம் குறைந்திருக்கிற கருப்பனுக்கு ஒரு பருக்கைகூட ஆகாது.

அன்புடன்,
அப்பா