மேடையே சம்பளமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், சிறு உரைகளுக்குப் பெயர்போன டெட் (TED) மாநாட்டைப் பற்றி வந்த கட்டுரையில், ‘அந்த மேடை கிடைப்பதே பேச்சாளருக்குச் சம்பளம்’ என்று ஒரு வரி. எழுதியவர் எந்த மேடைக்குப் பின்னாலும் நின்றதில்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. போதாததற்கு டெட்டையும் டெட்எக்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். தங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் நழுவியிருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

டெட் 1984இல் கலிபோர்னியாவில் தொடங்கி, 2014இல் வான்கூவருக்குப் போனது. அனுமதிச் சீட்டு 10,000 டாலர் அளவுக்கு விற்ற மாநாடு. பேசுகிறவருக்குப் பணம் கிடையாது; விமான டிக்கெட், ஓட்டல் அறை, மாநாட்டு பாஸ் உண்டு. இதை அவர்கள் மறைப்பதும் இல்லை. டெட்எக்ஸ் 2009இல் வந்தது. பெயரை இலவச உரிமத்தில் வாங்கி உள்ளூர்க்காரர்கள் நடத்துவது. நம் கல்லூரிகளில் நடப்பதெல்லாம் இதுதான். இங்கே பேச்சாளருக்குப் பணம் தரக்கூடாது, அவரிடமிருந்து வாங்கவும் கூடாது என்று விதி. முதல் பாதியை எல்லோரும் பக்தியோடு காப்பாற்றுகிறார்கள். வழிச்செலவு மட்டும் நடத்துகிறவர்களின் மனசையும் ஸ்பான்சரையும் பொறுத்தது. வான்கூவர் ஓட்டல் அறையைத் தூக்கிவந்து நம் கல்லூரி ஆடிட்டோரியத்தில் வைத்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர்.

ஒரு பேச்சு 18 நிமிடம்தானே என்கிறார் கட்டுரையாளர். 18 நிமிட ஆங்கிலப் பேச்சு என்றால் சுமார் 2,500 சொற்கள். தாளைப் பார்த்துப் படிப்பதை அங்கே விரும்புவதில்லை. எழுதி, நடத்துகிறவர்கள் சொல்லும் திருத்தங்களுக்காகத் திரும்பத் திரும்ப எழுதி, மனப்பாடம் செய்து, மனப்பாடம் என்று தெரியாத அளவுக்குப் பழக வேண்டும். பாதி உருப்போட்டு ஏறுகிறவர்தான் ஒன்பதாவது நிமிடத்தில் ஸ்லைடைத் திரும்பிப் பார்த்து நிற்பார். ஸ்லைடில் ஒரு படம் அடுத்தவருடையது என்றால் அனுமதி வாங்குவதும் பேச்சாளர் தலையில்தான். வாங்காவிட்டால் வீடியோவில் அந்த இடத்தை வெட்டுவார்கள், அல்லது வீடியோவே ஏறாது. கனடா என்றால் விசாவுக்குக் கைரேகை வைக்கப் போகும் நாள் தனி. நாள் கூலியாகப் பார்த்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

‘டெட் லாப நோக்கமற்ற அமைப்பு’ என்ற சமாதானமும் கட்டுரையில் இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத அமைப்பில் மேலாளருக்குச் சம்பளம் உண்டு, கேமராக்காரருக்கு உண்டு, லைட் போடுகிறவருக்கு உண்டு. யாருடைய பேச்சுக்காகக் கூட்டம் வந்ததோ அவருக்கு மட்டும் அந்த நோக்கமின்மை பொருந்துகிறது.

இதனால் யாருக்குமே லாபமில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகம் விற்கிறவர், நிறுவனம் நடத்துகிறவர், ஏற்கெனவே லட்சங்களில் வாங்கும் பேச்சாளர் ஆகியோருக்கு அந்த வீடியோ நல்ல விளம்பரம். நஷ்டம், லீவு போட்டால் சம்பளம் பிடிக்கப்படும் செவிலியருக்கும், ஒப்பந்த விரிவுரையாளருக்கும்தான். இரு தரப்புக்கும் தருவது அதே பூஜ்யம் என்பதை நியாயம் என்று எழுதுவது எப்படி?

வீடியோவை அடுத்தவர் விற்கக்கூடாது, வெட்டி ஒட்டக்கூடாது என்று உரிமத்தில் இருக்கிறது. வணிகத்துக்கு வேண்டுமென்றால் டெட்டிடம் உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் பேச்சாளருக்குப் பங்கு உண்டா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கலாம், தேடுவதற்கு நேரம் கொடுத்தால். காலரில் மைக்கைக் குத்திக்கொண்டிருக்கும்போது அந்த ஒப்பந்தப் படிவத்தை நீட்டினால் யார் படிப்பார்கள்? இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்க வேண்டும். அதே பேச்சைத் தன் புத்தகத்தில் சேர்க்கலாமா, வெட்டாத வீடியோ ஒரு பிரதி கிடைக்குமா, டிக்கெட்டை அவர்களே எடுப்பார்களா அல்லது ‘நீங்க போட்டுடுங்க, அப்புறம் குடுத்துடறோம்’ ரகமா என்பதையெல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்க வேண்டும். போனில் சொன்னது பின்னால் நிற்காது.

டெட்டை மட்டும் சொல்வானேன். ஆய்வுக் கட்டுரை வாசிக்கிறவரிடமே பதிவுக் கட்டணம் வசூலிக்கும் கருத்தரங்குகள் நம்மிடம் குறைவா? பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை ஆட்டோவுக்குக் கொடுத்தால் வெளியூர்க்காரர் சங்கடமில்லாமல் ஊர் போய்ச் சேர்வார். பட்டிமன்றப் பேச்சாளர்கள் தொகையைப் பேசி முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். அதைப் பேராசை என்று ஏளனம் செய்ததும் இதே பத்திரிகைதான் என்று ஞாபகம். தங்கள் இதழில் எழுதும் வாசகர்களுக்குச் சன்மானம் நின்றுபோனதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அது வேறு கடிதம்.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் டெட் வேறு, டெட்எக்ஸ் வேறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். இனி மாநாட்டுக் கட்டுரைகளின் கீழே, பேச்சாளருக்கு என்ன தந்தார்கள், வழிச்செலவு யார் கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். தங்கள் ஆண்டு விழாக் கருத்தரங்கின் அழைப்பிதழிலும் அந்த வரி இருந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி