ஆறு மணிக்கு அவனை எழுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டி இன்னும் மடங்கவில்லை. அவரை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்குள் நான் ஹைதராபாத் வர முடியாது.

உன் சின்னவனுக்குச் செய்யப்போகும் ஹெர்னியா ஆபரேஷனைத் தியேட்டரில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆண் குழந்தைக்குக் கருவிலேயே விதை வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கி வந்த வழி தானாக மூடியிருக்க வேண்டும். இவனுக்கு மூடவில்லை, குடல் எட்டிப் பார்க்கிறது. அந்த வழியைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். உன் பயம் கத்தியைப் பற்றியது இல்லை, மயக்கத்தைப் பற்றியது என்று தெரியும்.

சரி, இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு நாலு வயதில் டான்சில் ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. உனக்குச் சளி என்று அப்பத்தாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். பொய். அப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது. மறுநாள் பதினொன்றரை ஆகியும் உன் முறை வரவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு நீ அழுத அழுகை தாங்காமல், வார்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பாலில் நனைத்த ரஸ்க் ஒன்றை ஊட்டிவிட்டேன். நர்ஸ் நான்! இதே தப்புக்கு மற்ற அம்மாக்களைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

டாக்டர் மயக்கம் கொடுக்கிற கறுப்பு மாஸ்க்கைக் கையில் எடுத்தபோது எனக்குக் கால் நடுங்கிவிட்டது. சொல்லிவிட்டேன். மனிதர் மாஸ்க்கைக் கீழே வைத்தார். திட்டவில்லை. “நாளைக்குப் பார்க்கலாம் சிஸ்டர்” என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? மயக்கத்தில் தொண்டைக்குக் காவல் கிடையாது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், இருமித் துப்பத் தெரியாது.

அதனால் பட்டினியை மணி பார்த்துச் செய். திட உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பால் வயிற்றில் திரிந்து கட்டியாகும், அதைத் தண்ணீர் என்று நினைக்காதே. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ் இதெல்லாம் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். சில ஊர்களில் இப்போது ஒரு மணி நேரம் என்றுகூட விடுகிறார்கள். அவன் எட்டரைக்கு முதல் கேஸ் என்றாயே, ஆறு மணிக்கு எழுப்பி அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடு, ஆறரையோடு நிறுத்து. ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி வேறு கணக்குச் சொன்னால் அதுதான் கணக்கு. முன்னாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள். மாமியாரிடமும் சொல்லிவிடு. பிஸ்கட் பாட்டிகள் வழியாகத்தான் உள்ளே போகும்.

சளி, இருமல், இழுப்பு எது இருந்தாலும் மறைக்காதே. தேதி சில வாரம் தள்ளிப்போகலாம், போகட்டும்.

மயக்க மருந்து குழந்தையின் மூளைக்கு ஆகாது என்று ஏதோ ஃபார்வர்டு அனுப்பியிருந்தாய். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் எச்சரித்தது உண்மை. அது மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும், திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றியது. இதே ஹெர்னியாவுக்காக ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மயக்கமும் மறு பாதிக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். மயக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதை நம்பு, ஃபார்வர்டை விடு.

வலியைப் பற்றியும் கவலைப்படாதே. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று சொல்கிற பெரியவர்கள் இருந்தார்கள். இந்தூரில் டாக்டருக்குப் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன ஆனந்த் என்பவர்தான், வலி மருந்து சேர்த்துக் கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடம்பு ஆபரேஷனை நன்றாகத் தாங்கியது என்று 1987-இல் காட்டினார். இப்போது தூங்கிய பிறகு இடுப்புக்குக் கீழே ‘காடல்’ என்று ஒரு ஊசி போடுவார்கள். விழித்த பின்னும் சில மணி நேரம் வலி தெரியாது. கொஞ்ச நேரம் கால் தள்ளாடினால் பதறாதே.

மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்ன ரப்பர் பையை அமுக்கிக்கொண்டிருப்பார். மூச்சுக் கொடுக்கும் குழாயோடு 1950-இல் ஜாக்சன் ரீஸ் என்ற டாக்டர் சேர்த்த பை, இன்றும் எங்களுக்கு அவர் பேர்தான் அதற்கு. குழந்தை மூச்சை அடக்கினால் ஆக்சிஜன் பெரியவர்களைவிட வேகமாகக் குறையும். எத்தனை மானிட்டர் வந்தாலும் நல்ல டாக்டரின் கை அந்தப் பையை விடாது. பிள்ளை மூச்சு விடுவது உள்ளங்கைக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

விழிக்கும்போது சிலது வெறி பிடித்ததுபோல் அழும், உன்னையே தெரியாததுபோல் தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதட்டாமல் பிடித்துக்கொள்.

பையில் ஒரு பாக்கெட் ரஸ்க் வைத்துக்கொள். நன்றாக விழித்து, தண்ணீர் குடித்து, வாந்தி இல்லை என்று சிஸ்டர் சொன்ன பிறகு நனைத்துக் கொடு.

அம்மா